கெடுதலும் திரிதலும்: வரைகலை மென்பொருளின் துண்டு நீக்கமும் சிக்குக் கோலத்தின் இழையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகளிலிருந்து வேண்டாத துண்டுகளை நீக்குவதற்குத் திசையன் வரைகலை மென்பொருள்களில் பல கருவிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கோட்டை ஒரு பரப்பின் எல்லையாகவே கொள்கின்றன. கோடே பொருளாகிய சிக்குக் கோலத்தை அக்கருவிகளைக் கொண்டு வரையும்போது நேரும் இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டுக்கு இரண்டு நேர்ப்புள்ளிக் கோலத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டு, துண்டு நீக்கம் கோலத்தின் இழை அமைப்பையே மாற்றிவிடுவதையும், புறவரியாக்கப்பட்ட கோப்பில் இழை எண்ணிக்கையை நேரே படித்தறிய இயலாமையையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திசையன் வரைகலை, வளைகோடு, சிக்குக் கோலம், இழை, துண்டு நீக்கம், புறவரி, புணர்ச்சி விகாரம்

முன்னுரை

கணினியில் கோலம் வரைவோர் தொகை பெருகியுள்ளது. ஆய்வேடுகளிலும் நூல்களிலும் இன்று இடம்பெறும் கோலப் படங்களுள் பல, கையால் இட்டு ஒளிப்படம் எடுக்கப்பட்டவை அல்ல. இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா போன்ற மென்பொருள்களில் வரையப்பட்டவை. அச்சில் அவை தெளிவாகவும் சீராகவும் விளங்குகின்றன. ஆயினும் அப்படத்தின் மூலக் கோப்பைத் திறந்து, அதிலுள்ள இழை எங்கே தொடங்கி எவ்வழிச் சென்று எங்கே முடிகிறது என்று தேடினால், பெரும்பாலும் அங்கே இழை என ஒன்று இருப்பதில்லை. கோலம் போலத் தோன்றும் ஒரு கருநிறப் பரப்பும் அதன் நடுவே சில துளைகளுமே இருக்கும்.

இதனை வரைபவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. வேண்டாத துண்டை நீக்குவது என்றால் என்ன என்பது பற்றி அம்மென்பொருள்கள் கொண்டுள்ள கருத்தே இதற்கு முதற்காரணம். எனவே அக்கருத்தை ஒரு பனுவலைத் திறனாய்வது போலத் திறனாய வேண்டியுள்ளது.

வளைகோடும் அதன் வெட்டும்

திசையன் வரைகலையில் படம் புள்ளிகளின் நிறத்தொகுதியாக அன்றி, கணித முறையில் வரையறுக்கப்பட்ட வளைகோடுகளாகச் சேமிக்கப்படுகிறது. மிகுதியாகப் பயன்படும் முப்படி வளைகோட்டுக்கு நான்கு புள்ளிகள் போதும்: இரு முனைகள், வளைவை இழுத்துப் பிடிக்கும் இரு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். ரெனோ நிறுவனத்தில் பணியாற்றிய பியேர் பெசியேயின் பெயரால் இவ்வளைகோடு வழங்குகிறது. அவருக்கு முன்பே, 1959இல், சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ இதே வளைகோட்டை வேறு வழியில் கண்டடைந்திருந்தார். இருவரும் மகிழுந்து நிறுவனங்களைச் சார்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மகிழுந்தின் உடற்பரப்பு. கோடு அப்பரப்பை வரையறுக்க வந்தது. 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் 1987இல் இல்லஸ்ட்ரேட்டரும் அச்சுத் தொழிலுக்குள் இவ்வளைகோட்டைக் கொண்டுவந்தபோது, பரப்பின் எல்லை என்னும் அந்தப் பிறப்புக் குணமும் உடன் வந்தது.

தெ காஸ்தெல்ஜோவின் முறைப்படி ஒரு வளைகோட்டை எந்த இடத்திலும் இரண்டாக வெட்டலாம். வெட்டிய இரு பகுதிகளும் அதே வகை வளைகோடுகளாகவே அமையும். சேர்த்து வைத்தால் மூலக் கோட்டிலிருந்து மயிரிழையும் வேறுபடா. இரு முப்படி வளைகோடுகள் எங்கெங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதைக் கண்டறிவதுதான் கடினம். அவை 9 இடங்கள் வரை வெட்டிக்கொள்ளக் கூடும். அப்புள்ளிகளை எண்முறைத் தோராயத்தால்தான் பெற முடியும். எனினும் கோலத்தைப் பொறுத்தவரை இத்தோராயம் பொருட்டே அன்று. நான்கு முப்படி வளைகோடுகளால் ஒரு வட்டத்தை அமைக்கும்போது நேரும் ஆரப் பிழைகூட ஏறத்தாழ 0.03 விழுக்காடுதான். மாக்கோலம் இடும் விரலின் அகலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே குறை துல்லியத்தில் இல்லை. வெட்டியபின் எதை விடுவது, எதை எதனோடு சேர்ப்பது என்பதில்தான் உள்ளது.

கருவிகளின் கோட்பாடு

இக்கருவிகளை இருவகையாகப் பகுக்கலாம். முதல்வகை பரப்பு வழிப்பட்டது. இங்க்ஸ்கேப்பின் 'யூனியன்', 'டிஃபரன்ஸ்', 'இன்டர்செக்‌ஷன்' முதலியன இதில் அடங்கும். இரு வட்டங்களைத் தேர்ந்து 'யூனியன்' கொடுத்தால், இரண்டும் மூடும் நிலப்பரப்பு முழுவதற்கும் ஒரே எல்லைக்கோடு கிடைக்கும். உள்ளே அகப்பட்ட துண்டுகள் தாமே மறையும். எதை நீக்குவது என்று வரைபவர் சொல்வதில்லை. 'உள்ளே இருப்பது வேண்டாதது' என்னும் விதி அதை முடிவுசெய்துவிடுகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் 2010இலும் இங்க்ஸ்கேப்பில் 2023இலும் வந்து சேர்ந்த 'ஷேப் பில்டர்', கண்ணால் பார்த்துத் தொட்டு நீக்கும் வசதியைத் தந்தது. அதுவும் அடிப்படையில் பரப்புத் துண்டுகளையே பேசுகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் தனி விளிம்பையும் நீக்கலாம் என்பது ஒரு சிறு விரிவு.

இரண்டாம் வகை கோட்டு வழிப்பட்டது. ஆட்டோகேட்டின் 'டிரிம்' கட்டளையும் கோரல்டிராவின் 'வெர்ச்சுவல் செக்மென்ட் டெலீட்' கருவியும் இவ்வகையின. இரு வெட்டுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டைச் சுட்டினால் அது மட்டும் போகும். உள், புறம் என்னும் கேள்வி எழுவதில்லை. ஆட்டோகேட்டில் முன்பு எந்தக் கோட்டை வரம்பாகக் கொண்டு வெட்டுவது என்று முதலில் காட்ட வேண்டியிருந்தது. 2021ஆம் பதிப்பின் விரைவுமுறை எல்லாக் கோடுகளையும் வரம்பாகவே கொண்டுவிடுகிறது. வரைபலகையில் அளவுகோலும் அழிப்பானும் கொண்டு வேலை செய்த வரைவாளரின் கைப்பழக்கம் இதில் எஞ்சியிருக்கிறது. கோலத்துக்கு இவ்வகையே நெருக்கமானது. ஆனால் இதுவும் நீக்குவதோடு நின்றுவிடுகிறது.

தமிழிலக்கண மரபில் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றும். நன்னூல் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகக் கொள்கிறது. 'வாழைப்பழம்' என்பதில் ஓர் ஒற்று தோன்றியது; 'பொற்குடம்' என்பதில் ஓரெழுத்து வேறெழுத்தாகத் திரிந்தது; 'மரவேர்' என்பதில் ஓரெழுத்து கெட்டது. இரு உருக்கள் கூடுமிடத்தில் நிகழ்வது கெடுதல் மட்டுமே என்று ஓர் இலக்கணநூல் கூறுமாயின் அதனை யாரும் ஏற்கமாட்டார். மேற்சொன்ன இருவகைக் கருவிகளும் கோடுகளின் கூட்டத்தைப் பற்றி அப்படித்தான் கூறுகின்றன. மொழியில் விகாரம் ஒலியின் தேவையால் நிகழ்வது, கோலத்தில் இடுபவரின் தெரிவால் நிகழ்வது என்னும் வேறுபாடு உண்டு. ஒப்புமையை அதற்குமேல் நீட்டத் தேவையில்லை.

இரண்டுக்கு இரண்டு கோலம்

சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைத் தொடுவதில்லை. அவற்றைச் சுற்றி வளைந்து செல்கிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே மூன்றில் ஒன்று நிகழலாம். இரு இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லலாம். இதனைப் பின்னல் என்று இக்கட்டுரை குறிக்கும். இரண்டும் வெட்டாமல் வளைந்து திரும்பி, புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துவிடலாம், இது பிரிப்பு. அல்லது இரு புள்ளிகளையும் ஒரே அறைக்குள் வைத்து மேலும் கீழுமாக ஓடலாம், இது சேர்ப்பு.

நேர்ப்புள்ளி வரிசையில் எல்லா இடைவெளிகளிலும் பின்னலே அமைந்தால், இழைகளின் எண்ணிக்கையைக் கணித்துவிடலாம். நிரை, நிரல் எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தியே அது. மூன்றுக்கு ஐந்து புள்ளியில் இழை ஒன்று. நான்குக்கு ஆறில் இரண்டு. ஐந்துக்கு ஐந்தில் ஐந்து. சிக்குக் கோலம் என்றாலே ஒற்றை இழை என்னும் பரவலான கூற்று பிழையானது என்பதும் இதனால் விளங்கும்.

இரண்டுக்கு இரண்டு புள்ளியில் இழைகள் இரண்டு. அவை ஒன்றையொன்று நான்கிடத்தில் வெட்டுகின்றன. இதனை மென்பொருளில் வரைய முனைபவர் வழக்கமாகச் செய்வது யாது? நான்கு புள்ளிகளையும் சுற்றி நான்கு வட்டங்கள் வரைந்து, அடுத்தடுத்தவை ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு வைக்கிறார். எட்டு வெட்டுப்புள்ளிகளும் பதினாறு வில்துண்டுகளும் கிடைக்கின்றன. இனி வேண்டாதவற்றை நீக்க வேண்டும். 'யூனியன்' கொடுத்தால் எட்டு உள்வில்கள் மறைந்து, புறத்தே நான்கு இதழ்களையுடைய ஒரு வளையமும் நடுவே நான்கு முனைகளையுடைய ஒரு சிறு வளையமும் எஞ்சுகின்றன. இரண்டு இழைகள் என்னும் எண்ணிக்கை பொருந்துவதால் இது கோலம் என்றே மயங்கத் தோன்றும். ஆனால் இவ்விரண்டும் எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. நான்கு பின்னல்களின் இடத்தில் நான்கு சேர்ப்புகள் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, வெட்டுண்ட வில்கள் கூடுமிடமெல்லாம் கூர்முனைகள். கோல இழை அங்கே வழுவழுப்பாகத் திரும்ப வேண்டும்.

கோட்டு வழிக் கருவியால் ஒரே ஓர் உள்வில்லை மட்டும் நீக்கினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வெட்டுப்புள்ளி ஒவ்வொன்றிலும் முன்பு நான்கு கோட்டுமுனைகள் கூடின. இப்போது நீக்கிய துண்டின் இரு முனைகளிலும் மும்மூன்றே கூடுகின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் கூடும் புள்ளி இருக்குமாயின், கையெடுக்காமல் எல்லாக் கோடுகளையும் ஒருமுறையே கடந்து தொடங்கிய இடத்துக்கு மீள இயலாது என்பது கோனிக்ஸ்பர்க் பாலங்களைப் பற்றி ஆராய்ந்த ஆய்லர் 1736இலேயே நிறுவிய உண்மை. கோல மரபில் இழை அறுந்து நிற்கலாகாது என்பது அழகுக் கொள்கை மட்டுமன்று. இந்த இரட்டைப்படை ஒழுங்கின் வேறு பெயர் அது. கோலத்தின் விதி ஆய்லரின் விதியினும் கடுமையானது என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டுமிடத்தில் திரும்பிக்கொள்ள இசைந்தால் இரட்டை இழைக் கோலத்தையும் ஒரே வீச்சில் வரைந்துவிடலாம். பின்னலில் நேரே சென்றாக வேண்டும் என்பதே கோலமிடுபவரின் ஒழுக்கம்.

சரியான செயல் எது? ஒரு பின்னலை எடுத்து, அங்கே கூடும் நான்கு முனைகளையும் விடுவித்து, வேறு இணைகளாகச் சேர்த்து, வளைவாக்க வேண்டும். எதுவும் கெடுவதில்லை, இணைப்பு திரிகிறது. விளைவும் கணிக்கத்தக்கது. இரு வேறு இழைகள் வெட்டுமிடத்தில் இவ்வாறு செய்தால் அவை ஒன்றாகும். ஆகவே இரண்டுக்கு இரண்டு கோலத்தில் நான்கு பின்னல்களுள் எதை மாற்றினாலும், பிரிப்பாக்கினாலும் சேர்ப்பாக்கினாலும், கோலம் ஒற்றை இழையாகிவிடும். அதன்பின் இன்னொரு பின்னலை மாற்றினால், ஒரு திசையில் மாற்றும்போது இழை இரண்டாகப் பிளக்கும். மறு திசையில் ஒன்றாகவே நிற்கும். கோலமிடும் பெண்கள் 'இங்கே திருப்பினால் கோலம் முடிந்துவிடும், அங்கே திருப்பினால் தனியாக நிற்கும்' என்பதுபோலச் சொல்லும் அறிவு இதுதான். இச்செயலை ஒரே சொடுக்கில் நிகழ்த்தும் கருவி மேலே பெயர் சுட்டிய மென்பொருள்களின் கருவிப்பட்டையில் இல்லை. வரைபவர் கணுக்களைப் பிரித்து, முனைகளை இழுத்து, மீண்டும் ஒட்ட வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்கு அஞ்சியே பலர் பரப்பு வழிக்குப் போய்விடுகின்றனர்.

புறவரியில் மறைவது

பரப்பு வழியின் இறுதிப் படி, கோட்டைப் புறவரியாக்குதல். குறிப்பிட்ட தடிப்புள்ள கோடு, அத்தடிப்பின் இரு கரைகளையும் எல்லையாகக் கொண்ட பரப்பாக மாறுகிறது. பின்னல்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பகுதிகள் ஒன்றாக்கப்படுகின்றன. திரையில் எந்த மாற்றமும் தெரியாது. கோப்பில் எல்லாம் மாறியிருக்கும்.

இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. எஸ்விஜி கோப்பில் ஒவ்வொரு தனிக்கோடும் 'எம்' என்னும் எழுத்தால் குறிக்கப்படும் தொடக்கக் கட்டளையோடு தொடங்குகிறது. இழை கோடாகவே காக்கப்பட்ட கோப்பில் அக்கட்டளைகளை எண்ணினால் இழைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். இரண்டுக்கு இரண்டு கோலத்தில் 2. ஒரே வரிசையில் ஐந்து புள்ளிகளை வைத்துப் பின்னிய கோலத்தில் 1. இனி இரண்டையும் புறவரியாக்குவோம். முன்னதில் வெளிக்கரை ஒன்று, புள்ளிகளைச் சூழ்ந்த துளைகள் நான்கு, நடுத்துளை ஒன்று, ஆக 6. பின்னதில் வெளிக்கரை ஒன்று, ஐந்து புள்ளிகளுக்கு ஐந்து துளைகள், அதுவும் 6. இரட்டை இழைக் கோலமும் ஒற்றை இழைக் கோலமும் ஒரே எண்ணைத் தருகின்றன. காரணம் எளிது. தொடர்ந்த ஒரு பின்னல் கோலத்தைப் புறவரியாக்கினால் கிடைக்கும் வளையங்களின் எண்ணிக்கை எப்போதும் பின்னல்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டியதே. இரு கோலங்களிலும் பின்னல்கள் நான்கு. புறவரி பின்னலை எண்ணித் தருகிறது. இழையைப் பற்றி மௌனம் காக்கிறது.

கோல ஆய்வுக்கு இது சிறிய இழப்பன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலத்தை அணிவரிசை இலக்கணங்களால் பிறப்பிக்கத்தக்க ஒரு மொழியாகக் கண்டது. மார்சியா ஆஷர் போன்ற கணித வரலாற்றாசிரியர்கள் பின்னர் அவ்வழியை உலக வாசகர்க்கு அறிமுகம் செய்தனர். அரை நூற்றாண்டுக்கு முன்பே இலக்கணமாக உணரப்பட்ட ஒன்றை, இன்று கருநிறப் பரப்பாகத் தொகுத்து வைப்பது பின்னடைவாகும். மேற்கோள் தொகுதி வேண்டும் ஆய்வாளருக்கு உருவப்படங்களின் தொகுதியே கிடைக்கிறது.

புறவரியாக்கத்துக்கு நியாயமே இல்லை என்பதும் சரியன்று. ஸ்டிக்கர் கோலம் வெட்டும் பொறியின் கத்தி, கோப்பிலுள்ள கோட்டின் வழியே ஓடும். இழை இழையாகவே கொடுக்கப்பட்டால் கத்தி பட்டையின் நடுவே கீறிச் செல்லும். அத்தொழிலுக்குப் புறவரி இன்றியமையாதது. ஆனால் வெட்டும் பொறிக்கென ஆக்கிய படியே மூலப்படியாகவும் நின்றுவிடுவதற்கு அது காரணமாகாது. சுவடியைப் பதிப்பித்தவர் சுவடியை எறிந்துவிடுவதில்லை.

எழுத்துருவில் ஒரு திருப்பம்

'வேண்டாதது' என்பது நிலையான தீர்ப்பன்று என்பதற்கு எழுத்துரு வடிவமைப்பு தக்க சான்று தருகிறது. கையெழுத்தில் 'க' என்னும் எழுத்தின் தண்டு கீழிறங்கி, இடப்புறமாக மேலெழுந்து, தன்னையே வெட்டிக்கொண்டு வலப்புறம் சென்று வளைகிறது. எழுத்துரு ஆக்குவோர் தண்டையும் வளைவையும் இரு தனிப் புறவரிகளாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுண்டு. பின்னர் அவற்றுள் அடங்கிய துண்டுகளை நீக்கி ஒன்றாக்குவது நீண்ட காலமாகத் தொழில் ஒழுங்காக இருந்தது; படிந்த கோடுகளோடு வெளியிடுவது அரைகுறை வேலையாகக் கருதப்பட்டது. 2016இல் ஓப்பன்டைப் 1.8 வழியாக மாறுநிலை எழுத்துருக்கள் வந்தன. மெலிந்த வடிவிலிருந்து தடித்த வடிவுக்கு எழுத்து படிப்படியாக மாற வேண்டுமாயின், இரு வடிவங்களிலும் கணுக்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஒத்திருக்க வேண்டும். படிவை நீக்கினால் வெட்டுப்புள்ளிகளில் புதுக் கணுக்கள் பிறந்து அவ்வொழுங்கைக் குலைக்கின்றன. ஆகவே அத்துண்டுகள் இப்போது காக்கப்படுகின்றன. படிவு உள்ளது என்று அறிவிக்கும் குறியீடும் கோப்பில் இடப்படுகிறது. நேற்றுக் குப்பையாக இருந்தது இன்று கட்டமைப்பாயிற்று.

டொனால்ட் குனூத்தின் மெட்டாஃபான்ட் இச்சிக்கலை வேறு திசையில் அணுகியது. அங்கே எழுத்து என்பது ஒரு பேனா ஒரு பாதையில் நகர்வது. பாதையே மூலம், தடிப்பு பேனாவின் குணம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே அம்முறையில் தமிழெழுத்துருவும் ஆக்கினார். தொழில் உலகம் அவ்வழியில் செல்லவில்லை. மெட்டாஃபான்டுக்குக் கட்டளைகள் எழுத வேண்டும். வடிவமைப்பாளர் கையும் கண்ணுமாக வேலை செய்பவர். அவர்களைக் குறைகூற முடியாது. ஆயினும் கோல இழைக்கு மெட்டாஃபான்டின் பார்வையே பொருந்துவது. மாவு கைவிரலிடையே வழிவதும் பாதையும் பேனாவும்தானே.

கிடைக்கும் வழிகள்

இன்றுள்ள மென்பொருள்களுக்குள்ளும் ஒரு நல்ல முன்மாதிரி மறைந்திருக்கிறது. இங்க்ஸ்கேப்பின் 'நாட்' என்னும் பாதை விளைவு, வெட்டுமிடத்தில் ஓர் இழை மற்றொன்றின் அடியில் செல்வது போலத் தோன்றுமாறு சிறு இடைவெளி விடுகிறது. கோட்டின் ஒரு துண்டு கண்ணுக்கு மறைகிறது. கோப்பில் மூலக்கோடு அறுபடாமல் இருக்கிறது. எந்த இழை மேலே என்பதை ஒவ்வொரு வெட்டிலும் தனித்தனியே மாற்றலாம். கோலத்தில் மேல், கீழ் என்பது இல்லை. எனவே இவ்விளைவு அப்படியே பயன்படாது. ஆனால் வெட்டுப்புள்ளியை ஒரு தெரிவாகப் பதிந்துவைக்கும் அதன் முறை அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது. மேல், கீழ் என்னும் இரு நிலைகளின் இடத்தில் பின்னல், பிரிப்பு, சேர்ப்பு என்னும் மூன்று நிலைகள் வேண்டும். இங்க்ஸ்கேப் மூலநிரல் திறந்த மென்பொருள். அதற்குரிய நீட்சியை எழுதத் தடையேதும் இல்லை.

அது வரும்வரை, நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றைப் படத்தோடு சேர்த்து ஒரு குறியீட்டு வரிசையாகவும் ஆய்வேட்டில் தரலாம். இரண்டுக்கு இரண்டு புள்ளிக்கு இடைவெளிகள் நான்கு. ஆகவே நான்கு குறிகள் போதும். ஒவ்வொன்றும் மூன்று நிலைகளுள் ஒன்றை ஏற்பதால், சுழற்றியும் திருப்பியும் ஒன்றாவனவற்றைத் தனித்தனியே எண்ணினால், 81 வடிவங்கள் உண்டாகின்றன. நான்கும் பிரிப்பாயின் நான்கு தனி வட்டங்கள். நான்கும் சேர்ப்பாயின் 'யூனியன்' தந்த அதே இரு வளையங்கள். இவற்றை யாரும் வாசலில் சிக்குக் கோலம் என்று இடுவதில்லை. எஞ்சியவற்றுள் எவை மரபில் வழங்குகின்றன, எவை வழங்கவில்லை, வழங்காமைக்கு இழை அறுதல் காரணமா, சமச்சீர் குலைதல் காரணமா என்பன ஊர்தோறும் கோலக் குறிப்பேடுகளை ஒப்பிட்டுக் காண வேண்டியவை.